வயலைக் காக்கத் துவக்கு எடுக்கலாமா?

காலபோக அறுவடைக்குச் சில நாட்களே இருந்தன. நாம் சென்றிருந்த ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலே கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் எம்மை ஓரமாக அழைத்தார். இரண்டு வாட்டர் பம்புகள் களவு போயிருந்தன. ஒரு வீட்டின் கதவு நிலையை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து இடியன் துவக்கு ஒன்று எடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ஃபாதர், நெல்லு வீட்டுக்கு வாற நேரம் பாத்து வெட்டிக்கொண்டு போறான். சுட்டா எங்களைத்தான் பிடிப்பினமாம். சட்டம் எங்களுக்கு ஒண்டும் தரேல்லையோ?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து, நகையை அடகு வைத்து விதைத்தவரிடம் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வர எமக்கு மனம் வரவில்லை. ஆகவே அவருடைய கேள்விக்குரிய பதிலை இங்கே சற்று விரிவாகவே தருகிறோம்.

சட்டம் ஒன்றும் தரவில்லை என்பது சரியல்ல. 1883 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு எமது நாட்டில் வழங்கிவரும் தண்டனைச் சட்டக்கோவையின் 89 ஆம் பிரிவு தொடக்கம் 99 ஆம் பிரிவு வரை தற்காப்புரிமை பற்றியே பேசுகின்றன. உடலை மட்டுமன்றிச் சொத்தையும், உமது சொத்தை மட்டுமன்றி அயலவர் சொத்தையும் களவு, கொள்ளை, நாசம் விளைத்தல், குற்றமுறையான அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்க 90 ஆம் பிரிவு உரிமை தருகிறது. கள்ளனைத் தடுக்கலாம், மடக்கிப் பிடிக்கலாம், அவன் கையிலுள்ளதைப் பறிக்கலாம். அதில் அவனுக்குக் காயம் ஏற்பட்டாலும் அது குற்றமாகாமல் போகலாம்.

ஆனால் உயிரை எடுப்பது வேறு விடயம். சொத்துக்காக அந்த எல்லை வரை செல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் நான்கை மட்டுமே 96 ஆம் பிரிவு சொல்கிறது: வன்முறையோடு கூடிய கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், மனிதர் வசிக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ வள்ளத்துக்கோ தீ வைத்தல், களவோ நாசமோ வீட்டினுள் அத்துமீறலோ நடக்கும் விதத்தைப் பார்த்தால் சாவு அல்லது கடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை. பட்டப்பகலில் தேங்காய் பிடுங்குகிறவனும் வரம்பில் நின்று நெல் வெட்டுகிறவனும் இதற்குள் அடங்கார்.

இந்த நான்கிலும்கூட 92 ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது. பொலிஸ் முதலிய பொது அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையானதிலும் அதிகமான தீங்கு செய்யவும் கூடாது. கள்ளன் பொருளோடு தப்பிப் போய்விட்டான் என்றால் களவுக்கெதிரான தற்காப்புரிமையும் அத்தோடு முடிகிறது. மறுநாள் அவன் வீட்டு வாசலில் போய்ச் சுடுவது பழிவாங்கல். நல்லெண்ணத்தோடு உரிமையின் எல்லையை மீறிக் கொன்றுவிட்டவருக்குக் குற்றம் கொலையிலிருந்து ஒருபடி குறையலாம் என்று 294 ஆம் பிரிவு கூறுகிறது. குறைந்தாலும் அது சிறைக்குப் போகும் வழிதான்.

அப்படியானால் நேரே சுடாமல் கட்டுத்துவக்கு வைத்தால் என்ன என்று ஒரு இளைஞர் கேட்டார். பன்றிக்கென்று சொல்லி மின்சாரக் கம்பி இழுப்பவர்களும் உண்டு. இங்கேதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயத் தம்பதியருக்கு முதுசமாக வந்த பண்ணை வீடொன்று ஆளில்லாமல் கிடந்தது. பத்து வருடங்களாக யாராவது அதை உடைப்பதும் பொருட்களை எடுப்பதுமாக இருந்தார்கள். யன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள், எச்சரிக்கைப் பலகை நாட்டினார்கள்; பலனில்லை. 1967 இல் ஓர் அறையினுள் துவக்கொன்றைக் கட்டி, கதவு திறந்தால் வெடிக்குமாறு கம்பி இழுத்தார்கள். முதலில் வயிற்றுக்குக் குறிவைத்திருந்த கணவர், மனைவி சொன்னதால் காலுக்கு இறக்கினார். பழைய போத்தல்கள் தேடி வந்த ஒருவரின் கால் சிதைந்தது. அவர் திருட வந்ததை ஒப்புக்கொண்டு 50 டொலர் தண்டப்பணம் கட்டினார். ஆனால் வீட்டுக்காரர் அவருக்கு 30,000 டொலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை மாநில உயர் நீதிமன்றம் 1971 இல் உறுதி செய்தது. அந்தக் கடனைத் தீர்க்கத் தம் நிலத்தில் 80 ஏக்கரை அவர்கள் விற்க நேர்ந்தது. உரிமையாளர் அங்கே நின்றிருந்தாலும் செய்ய முடியாத ஒன்றை அவர் இல்லாதபோது ஒரு பொறியைக் கொண்டு செய்விக்க முடியாது என்பதே நீதிமன்றம் சொன்ன நியாயம்.

அந்தத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் கட்டுத்துவக்கும் மின்கம்பியும் இரவென்றும் பகலென்றும் அறியா. கள்ளனையும் விறகு பொறுக்க வந்த பிள்ளையையும் அவற்றால் பிரித்துப் பார்க்க முடியாது. இன்னொன்று: அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம். இடியனும் துவக்குத்தான்.

காணியைப் பிடித்தவர் விடயத்தில் வேறொரு வழியுண்டு. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், கைகலப்பு நேரக்கூடிய காணிப் பிணக்கைப் பொலிசாரோ நீங்களோ நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். உறுதி யாருடையது என்று அங்கே முடிவு செய்வதில்லை. அனுபவித்து வந்தவர் யார் என்றே பார்ப்பார்கள். உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியது வழக்கு வைப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நடந்திருந்தால் மீண்டும் உங்களிடம் ஒப்படைக்கக் கட்டளையிட முடியும். அந்த இரண்டு மாதத்தைத் தெரியாமல் கடத்திவிட்டு, பிறகு கத்தியோடு போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். (படையினர் வசமுள்ள காணிகளின் கதை வேறு, அதற்கு இந்தப் பக்கம் போதாது.) வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விடுமா என்றும் சிலர் கேட்டார்கள். விடுதலைப் பயண நூலின் 22 ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினோம். இரவிலே கன்னமிட்டுப் புகுந்தவன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்த பின் கொன்றால் பழி உண்டு என்பது அங்குள்ள கருத்து. இருட்டில் வந்தவன் எதற்கு வந்தான் என்று தெரியாது, பகலில் தெரியும் என்பதே அந்த வேறுபாட்டின் காரணம் என நாம் கருதுகிறோம். ஒரு பொற்காசைக் காப்பதற்காகக் கள்ளனைக் கொல்லலாம் என்று போதித்தவர்கள் திருச்சபைக்குள்ளேயும் இருந்தார்கள். பாப்பரசர் பதினோராம் இன்னசென்ட் 1679 இல் அந்தப் போதனையைக் கண்டித்தார். அன்றைய பொற்காசை இன்றைய வாட்டர் பம்புக்கு ஒப்பிட்டுப் பேசியபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "அந்தப் பம் போனா என்ர வீட்டில அடுப்பு எரியாது, ஃபாதர்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. அதனால்தான் தடுக்கவும் பிடிக்கவும் உரிமை இருக்கிறது.

அன்று இரவு நெடுநேரம் பேசினார்கள். வயல் நடுவே காவல் கொட்டில் இரண்டு போட்டு, முறைவைத்து ஆளுக்கு ஆள் துணையாக நால்வர் படுப்பது என்றானது. களவு போன பம்புகளின் இலக்கங்களை எழுதிப் பொலிசில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு கொப்பியில் பதிந்தார்கள். சேர்த்த காசில் பெரிய டோர்ச் லைட்டுகளும் ஒரு விசிலும் வாங்கினார்கள். இடியன் விற்க வந்தவர் மறுநாளும் வந்ததாகக் கேள்விப்பட்டோம். பெரியவர் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.