அசைவின் இலக்கணம் – 9: கழுதையைக் காத்த துருத்தி

தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஆணை, இயக்க நரம்பின் வழியே மின்துடிப்பாகத் தசையின் வாசல்வரை வந்து சேர்வது சென்ற இதழில் விளக்கப்பட்டது; தொடரை விடாமல் படிப்போருக்கு இதற்குமேல் நினைவூட்டல் வேண்டியிராது.

அந்த மின்துடிப்பு தசைக்குள் நேராகப் பாய்வதில்லை. நரம்பு முனையும் தசையிழையும் எதிரெதிரே நிற்கும் நரம்புத்தசைச் சந்தியில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி இருக்கிறது. துடிப்பு வந்ததும் நரம்பு முனையிலுள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை அவ்விடைவெளியில் கொட்ட, அது தசைப்பரப்பிலுள்ள ஏற்பிகளில், அதாவது அதனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களில், பொருந்தித் தசையில் புதிய துடிப்பொன்றை எழுப்புகிறது. உடனே ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடுவதால் தசை அடுத்த ஆணைக்கு ஆயத்தமாகிறது.

இச்சந்தியின் தனித்தன்மையை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் பூசும் க்யூராரே என்னும் நஞ்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியங்கியலாளர் க்ளோத் பெர்னார், தவளையின் ஒரு காலுக்குச் செல்லும் குருதியை மட்டும் கட்டி நிறுத்திவிட்டு இந்நஞ்சைச் செலுத்தினார். உடல் முழுதும் செயலிழந்த பின்னும், நஞ்சு எட்டாத அந்தக் கால் மட்டும், வேறிடத்தில் கிள்ளினாலும் உதறியது. செயலிழந்த தசைகளோ மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டப்பட்டபோது சுருங்கின. உணர்வு நரம்பு கெடவில்லை, தசையும் கெடவில்லை. இயக்க நரம்பும் தசையும் கூடும் இடமே அடைபட்டிருந்தது. அசிட்டைல்கோலினுக்குரிய ஏற்பிகளில் க்யூராரே முந்திச் சென்று அமர்ந்துகொள்வதே காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

பெர்னாருக்கு முன்பே, 1814இல், இந்நஞ்சைக் கயானாவிலிருந்து கொண்டுவந்த சார்லஸ் வாட்டர்ட்டன் லண்டனில் நிகழ்த்திய சோதனை இதனினும் வியப்பானது. நஞ்சேறிய பெண்கழுதை பத்து நிமிடத்தில் பிணம்போல் கிடந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டுத் துருத்தியால் இரண்டு மணி நேரம் காற்றூதியதும் தலைதூக்கிப் பார்த்தது. துருத்தி நின்றதும் மீண்டும் சாய்ந்தது. மேலும் இரண்டு மணி நேரம் ஊதிய பின்னரே பிழைத்தது. அந்நஞ்சின் வேறொரு பெயரையொட்டி வூராலியா என்றழைக்கப்பட்ட அக்கழுதை 1839வரை வாழ்ந்தது. க்யூராரே உயிரைப் பறிப்பது இதயத்தை நிறுத்தியன்று, சுவாசத் தசைகளைத் தளர்த்தியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கயானாவில் இந்நஞ்சு தரும் கொடி, நம் எட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன் தண்டுவடத்தின் அடக்கும் சமிக்ஞைகளைத் தடுத்துத் தசைகளை வெட்டியிழுக்கச் செய்ய, அதன் உறவுக்கொடி தசைகளைத் துவள விடுகிறது; கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையும் இதே குடும்பத்துப் பிள்ளை என்பது இயற்கையின் குறும்பு.

1942இல் மான்ட்ரியலில் கிரிஃபித், ஜான்சன் என்னும் மருத்துவர்கள் தூய்மையாக்கப்பட்ட க்யூராரேயை அறுவை சிகிச்சையில் தசை தளர்த்தப் பயன்படுத்தினர். அன்று துருத்தி செய்த வேலையை இன்று வெண்டிலேட்டர் செய்கிறது.

சந்தியைக் கடந்த துடிப்பு, தசையின் ஆக்டின், மயோசின் என்னும் இழைகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கச் செய்யும் விதம் அடுத்த இதழில் இடம்பெறும்.