மங்கிய கறுப்பு வெள்ளை போட்டோ: முதலில் க்ராப், பிறகு கான்ட்ராஸ்ட்

போன மாதம் என் அத்தை ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய தபால் கார்டு அளவு. நாற்காலியில் மாமா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அத்தை நிற்கிறார். மாமா தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. முதல் வருடத் திதிக்குள் மாமாவை மட்டும் பெரிதாக்கி சட்டம் போட வேண்டும். போட்டோவோ பழுப்பேறி, முகமும் சுவரும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது.

இதுபோன்ற வேலைக்கு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும்.

முதலில் ஸ்கேன். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து பார்த்து நானே ஏமாந்தேன். எனக்குத் தேவைப்பட்ட பகுதி 2 அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரம். 300 டிபிஐயில் அது வெறும் 600க்கு 750 பிக்சல். அதை 8க்கு 10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 75 பிக்சல்தான் வரும். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3000 பிக்சல் கிடைக்கும். பிரிண்டுக்கு அது கச்சிதம். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள், கலரிலேயே செய்யுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து க்ராப். இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? போட்டோவைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரமும் படத்தின் ஒரு பகுதி என்றே கம்ப்யூட்டர் நினைக்கும். அந்த வெள்ளையை வைத்துக்கொண்டு ஆட்டோ கான்ட்ராஸ்ட் கொடுத்தால், "வெள்ளைதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று படத்தை அப்படியே விட்டுவிடும். ஷிஃப்ட், சி இரண்டையும் அழுத்தினால் க்ராப் டூல் வரும். டூல் ஆப்ஷன்ஸில் ஃபிக்ஸ்டு என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 4:5 கொடுங்கள். பிறகு மவுஸால் கட்டம் வரைந்து என்டர் தட்டுங்கள்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். மாமாவின் தோளில் ஒரு கை இருந்தது. ஆளில்லாமல் கை மட்டும் தெரிவது நன்றாக இல்லை என்று இன்னும் நெருக்கமாக வெட்டி, அதே ஃபைல் பெயரிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிட்டேன். போட்டோவையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அத்தை வந்து பார்த்தார். "ஏன்டா, என் கையை ஏன் வெட்டின? அது இருக்கட்டும்டா" என்றார். மறுபடியும் போட்டோவை வாங்கி, மறுபடியும் ஸ்கேன்! ஸ்கேன் செய்த ஃபைலைத் தொடவே தொடாதீர்கள். முதல் வேலையாக அதற்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பழுப்பு. கலர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்ஸ், அதில் டீகம்போஸ் தேர்ந்தெடுத்து, ஆர்ஜிபி கொடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று லேயர்களுடன் புதுப் படம் திறக்கும். மஞ்சள் கறை நீல லேயரில் அழுத்தமாக இருக்கும். சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்குத்தான். மற்ற இரண்டின் கண் ஐகானை அணைத்துவிட்டு, சிவப்பு லேயரை கிளிக் செய்யுங்கள்.

கடைசியாக கான்ட்ராஸ்ட். பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைவிட லெவல்ஸ் எவ்வளவோ மேல். கலர்ஸ் மெனுவில் அதைத் திறந்தால் மலை போல ஒரு வரைபடம் தெரியும். இடது முனை 0, முழுக் கறுப்பு. வலது முனை 255, முழு வெள்ளை. மங்கிய படத்தில் மலை நடுவிலேயே குவிந்திருக்கும். எனக்கு 60லிருந்து 200 வரைதான் இருந்தது. இடது முக்கோணத்தை மலையின் இடது அடிவாரத்துக்கும், வலது முக்கோணத்தை வலது அடிவாரத்துக்கும் நகர்த்துங்கள். சுவரிலிருந்து முகம் பிரிந்து வருவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். முகம் இருட்டாக இருந்தால் நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் தள்ளுங்கள்.

ஆசையில் வலது முக்கோணத்தை மலைக்குள் இழுத்துவிடாதீர்கள். வேட்டி மடிப்பெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். மாமாவின் நெற்றி விபூதிக் கோடு எனக்கு ஒருமுறை அப்படித்தான் காணாமல் போனது. கன்ட்ரோல் இசட் அடித்து மீட்டேன்.

முடித்ததை ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, வேறு பெயரில் டிஃப் அல்லது பிஎன்ஜி ஃபைலாக வையுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் தரத்தைக் கொஞ்சம் இழக்கும். ஸ்டூடியோவில் ஜேபெக்தான் வேண்டும் என்றால், அதற்கென்று கடைசியில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.