காலை ஒளியும் கடிகாரமும்

பெரும்பொழுது ஆறு என்று தொடங்கி, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆசிரியர் சொல்லி முடித்ததும், கோலாலம்பூர் மாணவனுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் இந்நாட்டில் பனிக்காலம் ஏது? இல்லைதான். ஆயினும், பனிக்காலத்து மக்களின் சோர்வைப் போக்க மேலைநாட்டு மருத்துவர் கையாளும் ஒளி மருத்துவத்தை நாமும் அறிதல் நலம். இருளில் எழும் இடர் நமக்கும் உண்டு. அதனை நமக்குத் தந்தது வானம் அன்று; கடிகாரமே.

முதலில் பனிநாட்டைக் காண்போம். நார்வேயின் வடபகுதியிலுள்ள துரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை ஞாயிறு எழுவதே இல்லை. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் அந்நாட்டின் வடகோடி மீன்பிடி ஊர்களில் குடியேறி வாழ்கின்றனர். அத்தகைய நாடுகளில் பனிக்காலந்தோறும் சிலர்க்கு உறக்கம் மிகுகிறது, ஊக்கம் குன்றுகிறது, மனம் வாடுகிறது. வேனில் வந்ததும் அவர்கள் மீள்கின்றனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்ற நார்மன் ரோசெந்தால் என்னும் மருத்துவர், 1984இல் தம் குழுவினருடன் இதனைப் பருவகால மனச்சோர்வு நோயென விளக்கினார். மிகுந்த ஒளி இதற்கு மருந்தாகலாம் என்றும் காட்டினார். இன்று வழங்கும் முறை எளியது. விழித்தெழுந்தவுடன், 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளி தரும் விளக்கின் முன் ஏறத்தாழ 30 நிமிடம் அமர்தல் வேண்டும். விளக்கையே உற்று நோக்க வேண்டியதில்லை. படித்துக் கொண்டோ உண்டு கொண்டோ இருக்கலாம்.

ஒளி எவ்வாறு மருந்தாகிறது? நம் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, சிறியதொரு நரம்பணுத் தொகுதி உள்ளது. உறக்கம், விழிப்பு, உடற்சூடு ஆகியவற்றின் நேரத்தை வகுக்கும் உயிர்க்கடிகாரம் அதுவே. மாந்தர் பெரும்பாலோரிடம் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது. நாள்தோறும் சில நிமிடம் பின்தங்கும் பழைய கடிகாரத்தைக் காலையில் முடுக்கித் திருத்துவது போல, இதனையும் நாள்தோறும் திருத்தியாக வேண்டும். திருத்தும் கை, காலை ஒளி. விழித்திரையில் இதற்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன என்பது 2002இல் தெளிவாயிற்று. ஒளிபட்டதும் அவை செய்தி அனுப்ப, இரவுச் சுரப்பான மெலட்டோனின் அடங்குகிறது, விழிப்புத் தலைப்படுகிறது. தமிழ்நாட்டிலும் இத்துறை வளர்ந்தது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ம. கி. சந்திரசேகரன், மதுரையை அடுத்த குகைகளில் வாழும் வெளவால்களின் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார்.

இனி நம் நாட்டுக் கடிகாரத்திற்கு வருவோம். கோலாலம்பூரின் நெடுங்கோட்டைக் கொண்டு கணக்கிட்டால், இங்கு ஞாயிறு காட்டும் நேரம் கிரீனிச் நேரத்திற்கு 6 மணி 47 நிமிடம் முற்பட்டது. 1905இல் மலாயாவின் நேரம் 7 மணி என வகுக்கப்பட்டபோது, கடிகாரம் ஞாயிற்றை 13 நிமிடமே முந்தியது. 1933இல் மேலும் 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் செல்லுபடியாயிற்று. அப்போது கடிகாரம் 2 மணி 13 நிமிடம் முந்தி ஓடியது. போருக்குப் பின் பழைய நேரம் மீண்டது. 1982 சனவரி முதல் நாள், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக்கும் பொருட்டு, தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டன. இன்று நாம் ஞாயிற்றை 73 நிமிடம் முந்தி வாழ்கிறோம்.

இதன் விளைவு யாது? நவம்பர்த் தொடக்கத்தில் 7 மணிக்குச் சற்று முன் எழும் ஞாயிறு, தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் ஏறத்தாழ 7.25க்கே எழுகிறது. பள்ளிகளோ ஏழரை மணியளவில் தொடங்கிவிடுகின்றன. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தையும், பிரிக்பீல்ட்சில் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளையும் இருளிலேயே எழுந்து இருளிலேயே புறப்படுகின்றனர். பின்னர் விளக்கொளி வகுப்பறை. அங்கு மேசை மீது விழும் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் மட்டுமே. வெளியிலோ, எட்டு மணிக்கெல்லாம் அது பல ஆயிரமாகிவிடுகிறது.

இதனைப் பனிக்கால நோயென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் உயிர்க்கடிகாரம் இயங்கும் முறை எந்நாட்டிலும் ஒன்றே. பதின்ம வயதில் அது இயல்பாகவே பின்தள்ளிப் போகும். இரவு டியூஷனும் கைப்பேசி ஒளியும் அதனை மேலும் பின்தள்ளும். எனவே, முதற்பாடவேளையில் தலைசாய்க்கும் மாணவனைச் சோம்பேறி என்று வைவதற்குமுன், ஆசிரியர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் உடலில் இன்னும் வைகறை. சுவர்க்கடிகாரத்திலோ விடியல் கடந்துவிட்டது. வைவதால் வைகறை விடியுமா?

கடிகாரத்தைத் திருப்பும் உரிமை பள்ளிக்கு இல்லை. ஆனால் ஒளியைத் தரும் உரிமை உண்டு. உடற்கல்வியை இயன்றவரை காலைப் பாடவேளைகளில் அமைக்கலாம். எட்டு மணியளவில் பத்து நிமிடம் பிள்ளைகளைத் திடலோரம் நிறுத்திச் செய்யுள் ஓதச் செய்யலாம். சன்னல் திரைகளை விலக்கலாம். பெற்றோர், உறங்குவதற்கு ஒரு மணி முன்பே கைப்பேசியை வாங்கி வைக்கலாம். பனிநாட்டார் விலை கொடுத்துப் பெறும் ஒளி, நம் வாயிலில் விலையின்றிக் கிடக்கிறது.

எனினும் ஞாயிற்றை நேரே நோக்குதல் ஒருகாலும் கூடாது. கண்நோய் உடையோரும், மனம் கிளர்ந்தும் தாழ்ந்தும் மாறும் இருமுனை நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் ஒளிவிளக்கைப் பயன்படுத்தலாகாது. இரு வாரங்களுக்கு மேலும் மனவாட்டம் நீங்கவில்லையெனில், காலை ஒளியை மட்டும் நம்பியிராது மருத்துவரை நாடுதலே அறிவுடைமை.

சிறுபொழுது ஆறனுள் வைகறையையும் விடியலையும் நம் முன்னோர் வேறு வேறாகப் பகுத்துணர்ந்தனர். அப்பாடத்தை வகுப்பறைச் சுவர்களுக்குள் மட்டும் நடத்தாமல், ஒருநாள் காலை திடலில் நின்று நடத்துவோமாக. பாடமும் விளங்கும், பிள்ளைகளும் விழிப்பர்.