எழுத்துக்கூட்டும் பருவம்

பிள்ளையும் பள்ளியும் – 7

சென்ற வாரம், பிள்ளை தவறாமல் பள்ளிக்குப் போய்வர வீடு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். இந்த வாரம் வாசிப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

"ரெண்டாங்கிளாஸ் முடியப்போகுது, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். பக்கத்து வீட்டுப் பொண்ணு கடகடன்னு வாசிக்கிறா." மாலையில் பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் இந்த வருத்தம் வந்துவிடும். அதை ஒட்டியே அடுத்ததும் வரும்: "நானே அஞ்சாவது தாண்டல. நான் எங்க சொல்லிக் குடுக்குறது? டியூஷன்லதான் சேக்கணும்."

இரண்டுக்கும் பதில் இருக்கிறது. எழுத்துக்கூட்டுவது வாசிப்பின் முதல் படி; எல்லாப் பிள்ளையும் அதில் கால் வைத்துத்தான் ஏறுகிறது. அதற்கு மேலே ஏற வீடு தரவேண்டியது பேச்சும் கதையும். ஐந்தாவது தாண்டாத அம்மாவிடமும் அவை ஏராளமாக இருக்கின்றன.

பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வேலை

நமக்கு எழுத்துகள் பழகிவிட்டதால் பிள்ளை படும் பாடு தெரிவதில்லை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லைதான். ஆனால் ஒழுங்கு போலத் தெரியும் இடத்தில் ஒழுங்கு மாறுகிறது. கு, பு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் இருப்பது ஒரே உகரம். ஒன்றில் அது வளைகிறது, ஒன்றில் கோடாக இறங்குகிறது, ஒன்றில் காலாக நீள்கிறது. 'கே' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரம். 'கோ' என்றால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஓசை பிடிபடும்.

நம் எழுத்துக்கு உறவான கன்னட எழுத்தில் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதை சோனாலி நாக் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். ஆங்கில எழுத்து 26-ஐ ஒரு பிள்ளை ஓராண்டில் அறிந்துவிடலாம். இத்தகைய உயிர்மெய் எழுத்துமுறை முழுமையாகக் கைவர மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்பதை அவர் ஆய்வு காட்டியது. ஆகவே முதல் வகுப்பு அரைப்பரீட்சையிலேயே தலையில் கை வைத்து உட்கார வேண்டாம்.

அதற்காக, தானாக வந்துவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்தப்படும் 'அசர்' கணக்கெடுப்பின் 2024 அறிக்கைப்படி, நாடு முழுவதும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். நாலில் ஒரு பிள்ளைகூட இல்லை. நான்காம் வகுப்புக்கு மேல் அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்குகள் எல்லாமே வாசிப்பை நம்பித்தான் இருக்கின்றன. வாசிக்கத் திணறும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்கும். பிறகு தான் மக்கு என்று தானே நம்பத் தொடங்கிவிடும். அந்த நம்பிக்கை ஊறிவிட்டால் எடுப்பது கடினம்.

தெரிந்த சொல்லே வழிகாட்டும்

பேச்சு ஏன் அவ்வளவு முக்கியம்? நம் எழுத்தே அதைக் கேட்கிறது. 'குடம்', 'குணம்' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஓசை வேறு. 'பலர்', 'பலம்' இரண்டும் அப்படித்தான். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் மெலிக்க வேண்டும் என்று எழுத்து சொல்வதில்லை. ஏற்கெனவே காதில் விழுந்த சொல்தான் சொல்கிறது. 'பலம்' என்ற சொல்லை வீட்டில் கேட்டிருக்கும் பிள்ளை தட்டுத் தடுமாறிக் கூட்டி, சட்டென்று "ஓ, பலம்!" என்று பிடித்துக்கொள்ளும். கேட்டிராத பிள்ளை எழுத்து முழுவதையும் சரியாகச் சொல்லிவிட்டு, என்ன வாசித்தோம் என்று தெரியாமல் விழிக்கும்.

ஆகவே பிள்ளையின் சொற்களைப் பெருக்குவதுதான் வீட்டின் முதல் வேலை. அதற்குத் தனி நேரம் வேண்டாம். கீரை ஆயும்போது காம்பு, தண்டு, கொழுந்து, பூச்சி அரித்த இலை என்று பேர் சொல்லிக்கொண்டே ஆயலாம். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் அப்பா ட்யூப், வால்வு, ரிம், கம்பி என்று காட்டலாம். வயலுக்குப் போனால் வரப்பு, மடை, நாற்று. தையல் மெஷினில் உட்கார்ந்தால் மடிப்பு, ஓரம், பிசிறு. தொழிலும் சமையலும் தெரிந்த எவரிடமும் புத்தகம் கொள்ளாத அளவு சொல் இருக்கிறது. பேர் சொல்வதோடு நிறுத்தாமல், "இது ஏன் வாடிப் போச்சு? மொதல்ல எதைக் கழட்டினேன்?" என்று கேளுங்கள். பிள்ளை நாலு வாக்கியம் கோவையாகச் சொல்லட்டும். குறுக்கே புகுந்து முடித்து வைக்காதீர்கள்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், தங்களுக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்திலேயே வீட்டிலும் பேசப் பார்க்கிறார்கள். பிள்ளையின் நன்மைக்காகத்தான். ஆனால் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன், எப்படி, ஒருவேளை, இருந்தாலும் என்றெல்லாம் யோசித்துப் பேச, நமக்குச் சொல் தாராளமாக இருக்கும் மொழி வேண்டும். அதில் யோசிக்கப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும்.

'கொடம்' என்று எழுதினால்

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் கேட்பது "வந்துட்டாங்க". புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டார்கள்". வீட்டில் எலை, கொடம், வெளக்கு. புத்தகத்தில் இலை, குடம், விளக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'கொடம்' என்றும் 'பளம்' என்றும் எழுதினால் பல வீடுகளில் குட்டு விழுகிறது. அந்தப் பிள்ளை தன் காதில் விழுந்த ஓசையை ஒன்றொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான எழுத்தைத் தேடி எழுதியிருக்கிறது. எழுத்தின் அடிப்படை வேலையை அது சரியாகச் செய்திருக்கிறது. "நீ சொல்ற மாதிரியே எழுதிட்டியே! புத்தகத்துல இதைக் குடம்னு எழுதுவாங்க, பாரு" என்றால் போதும். குட்டினால், தெரிந்ததையும் எழுத அஞ்சும்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் குறைக்க நல்ல வழி, உரக்கக் கதை வாசித்துக் காட்டுவது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். பிள்ளை பக்கத்தில் ஒட்டி உட்காரட்டும், படம் தெரியட்டும், உங்கள் விரல் சொல்லின் கீழே நகரட்டும். புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒருமுறை வாசித்து, புரியாத இடத்தில் நம் பேச்சில் சொல்லுங்கள். "சென்றுகொண்டிருந்தது" என்பது காதுக்குப் பழகிவிட்டால், பிள்ளை அதைத் தானே வாசிக்கும் நாளில் மிரளாது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். ஐந்தாவது முறை, அடுத்த வரியை அதுவே சொல்லும். அங்கேதான் வாசிப்பு பிடிக்கிறது.

வாசிக்கத் தெரியாதவர்கள் கதை சொல்லுங்கள். பாட்டி போடும் விடுகதையும், எதுகை மோனையோடு வரும் தாலாட்டும், ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கும் விளையாட்டும் ஓசையைப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்குகின்றன. எழுத்துக்கூட்டுவதற்கு வேண்டிய பயிற்சி அதுவே. பிள்ளை கொஞ்சம் வாசிக்கத் தொடங்கியதும், "எனக்கு வாசிச்சுக் காட்டு, நான் கேக்குறேன்" என்று அதன் முன்னால் உட்காருங்கள். படிக்காத அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு வரும் பெருமை, அதை இன்னும் நாலு பக்கம் வாசிக்க வைக்கும்.

தடுமாறும்போது

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள், அதட்டவும் வேண்டாம். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லையா, முதல் எழுத்தின் ஓசையை மட்டும் கொடுங்கள். அப்போதும் வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். வாக்கியம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து அதை ஒருமுறை ஓட்டமாக வாசியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இம்போசிஷன் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சொல்லைப் பத்து தடவை எழுதச் சொன்னால், பிள்ளை பத்து முதலெழுத்தைக் கீழே கீழே எழுதி, பிறகு பத்து இரண்டாம் எழுத்தை எழுதி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோலம் போடுவது போன்ற கைவேலை. அதில் சொல் இல்லை. இரண்டு தடவை எழுதி, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்வது அதைவிடப் பயன் தரும்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியது

பெற்றோர் கூட்டத்தில் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்ற பதிலோடு திரும்புவோம். குறிப்பாகக் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளை வயதை வைத்து மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். "என் பிள்ளை தமிழில் எந்த நிலை? அடுத்த நிலைக்குப் போக எது இன்னும் வரவேண்டும்?" என்று கேளுங்கள். ஆசிரியரும் மகிழ்ந்து பதில் சொல்வார்.

வீட்டிலும் பார்க்கலாம். எழுத்து தெரிகிறதா, சொல்லாகச் சேர்க்க வருகிறதா, நாலு வரிப் பத்தி வாசிக்க முடிகிறதா, ஒரு சிறு கதையை வாசித்து என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறதா? இந்த நாலு படியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், அதற்கு அடுத்ததை மட்டும் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன் இருந்த உங்கள் பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

புத்தகம் வாங்க வசதி இல்லையே என்பீர்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: அலமாரியில் இருக்கும் புத்தகம் பிள்ளைகளோடு வீட்டுக்கு வருகிறதா? கிழிந்துவிடும் என்று பூட்டி வைப்பதைவிட, படித்துக் கிழிவது மேல். ஊரிலுள்ள பொது நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். கையில் செல்போன் இருந்தால், 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படத்தோடு கூடிய தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எப்போது கவலைப்பட வேண்டும்?

புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறது, கரும்பலகை தெரியவில்லை என்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். வாசிப்பில் பின்தங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது ஒரு கண்ணாடி மட்டுமே. அவை சரியாக இருந்து, ஒழுங்காகப் பள்ளிக்குப் போய், வீட்டில் கதையும் பேச்சும் இருந்தும், மூன்றாம் வகுப்பிலும் எழுத்துகள் கலங்குகின்றன என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை முறையாக ஏற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் அணுகலாம். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோம்பேறி என்று அடிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

டியூஷனுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று எந்த அம்மாவும் குன்றிப்போக வேண்டாம். நாள் முழுதும் வேலை செய்து களைத்து வந்த பிறகும், பத்து நிமிடம் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு கதையைச் சொன்னீர்கள் என்றால், கல்வியில் உங்கள் பங்கை முழுதாகச் செய்துவிட்டீர்கள். இன்று இரவே தொடங்குங்கள். ஏழு இரவும் விடாமல் செய்யுங்கள்.

அடுத்த வாரம்: கடைக்கணக்கும் பள்ளிக்கணக்கும்.