தூக்க நோயும் மருந்துச் சந்தையும்

உலகச் சுகாதார நிறுவனம் 21 நோய்களையும் நோய்த் தொகுதிகளையும் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என வகைப்படுத்தியுள்ளது. நாம் நன்கறிந்த டிங்கிக் காய்ச்சலும் தொழுநோயும் இப்பட்டியலில் அடங்கும். 'புறக்கணிக்கப்பட்ட' என்பது செயப்பாட்டு வினையடியாகப் பிறந்த பெயரெச்சம் என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் உடனே உணர்வர். புறக்கணித்தவர் யார் என்பது அச்சொல்லில் மறைந்து நிற்கிறது. அதனை அறிய ஆப்பிரிக்கத் தூக்க நோயின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

செட்சி ஈயின் கடியால் உடலுள் புகும் ஒட்டுண்ணி, குருதியில் பெருகிப் பின்னர் மூளையைச் சென்றடைகிறது. நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார், அறிவு தடுமாறும். மருத்துவம் கிட்டாவிடின் பெரும்பாலும் இறப்பே முடிவாகும். மூளையை எட்டிய நோய்க்கு 1940களின் இறுதி முதல் வழங்கப்பட்ட மெலார்சோப்ரோல், ஆர்சனிக் என்னும் நஞ்சு சேர்ந்த மருந்து. அதனைப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் மருந்தாலேயே மாண்டனர்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. புற்றுநோய்க்கென 1970களில் உருவாக்கப்பட்ட எஃப்லோர்னிதின் தூக்க நோயைக் குணப்படுத்துவது கண்டறியப்பட்டு, 1990இல் அமெரிக்க அரசின் ஒப்புதலையும் பெற்றது. ஆயினும் 1990களின் நடுப்பகுதியில் அதன் உற்பத்தி நின்றது. மருந்து பயனற்றது என்பதனால் அன்று. அதனை வேண்டியோர் காங்கோ, சூடான், உகாண்டா ஆகிய நாடுகளின் சிற்றூர் ஏழைகள் என்பதனால். 2000ஆம் ஆண்டில் அதே வேதிப்பொருள், பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் கட்டுப்படுத்தும் களிம்பாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் முதலானோர் கொடுத்த நெருக்குதலுக்குப் பின்னரே, 2001இல் அவெண்டிஸ் நிறுவனம் நோயாளிகளுக்கு இலவசமாக அம்மருந்தை வழங்க உடன்பட்டது. முகப்பொலிவுக்குச் சந்தை இருந்தது, உயிருக்கு இல்லை. இதனைத் தனியொரு நிறுவனத்தின் இரக்கமின்மை எனக் கொள்வதினும், வாங்கும் ஆற்றலையே தேவையாகக் கணக்கிடும் முறைமையின் விளைவு எனக் கொள்வதே பொருந்தும்.

எனினும், பழி முழுவதையும் மருந்துச் சந்தையின்மீது சுமத்துதல் பொருந்தாது. ஊர் ஊராகச் சென்று மக்களைச் சோதித்த நடமாடும் குழுக்களின் உழைப்பால், 1960களின் நடுப்பகுதியில் ஆண்டுக்குப் பதிவான நோயாளிகளின் தொகை 5,000க்கும் கீழே இறங்கியது. தொகை குறைந்ததும் கவனமும் குறைந்தது. உள்நாட்டுப் போர்கள் மூண்டன. அன்று சயீர் எனப்பட்ட காங்கோவுக்கு அளித்துவந்த உதவியை 1990இல் பெல்ஜியம் நிறுத்தியது. 1998இல் பதிவானோர் ஏறத்தாழ 40,000 பேர். கண்டறியப்படாதோர் அதனினும் பன்மடங்கினர் என மதிப்பிடப்பட்டது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1980களில் கைவிடப்பட்டிருந்த ஃபெக்சினிடசோல் என்னும் வேதிப்பொருளை, 2003இல் நிறுவப்பட்ட இலாப நோக்கற்ற ஆய்வமைப்பு ஒன்று மீட்டெடுத்துப் பத்து நாள் உட்கொள்ளும் மாத்திரையாக்கியது. 2018இல் அதற்கு ஐரோப்பிய மருந்து முகமையின் ஏற்புக் கருத்து கிட்டியது. அவ்வாண்டில் பதிவான நோயாளிகள் ஆயிரத்திற்கும் குறைவு. இனி எஞ்சிய ஒவ்வொரு நோயாளியையும் கண்டறிய முன்னிலும் மிகுதியான மக்களைச் சோதிக்க வேண்டும். 1960களில் கைவிடப்பட்ட பணி இதுவே.