பெர்வோமைஸ்க் வயல்களுக்கு அடியில்

தெற்கு உக்ரைனில் பெர்வோமைஸ்க் நகரைச் சுற்றிலும் பயிர் விளையும் சமவெளி. அந்த வயல்களுக்கு அடியில்தான் சோவியத் ஏவுகணைப் படையின் 46வது டிவிஷன் குடியிருந்தது. தரைக்கடியில் 45 மீட்டர் ஆழத்தில், 12 தளங்கள் கொண்ட எஃகுக் கூடு. அதன் அடிப்பகுதியில் அதிகாரிகள் முறைவைத்து, உத்தரவுக்காகக் காத்திருப்பார்கள்.

1991இல் சோவியத் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176 நின்றன. நெடுந்தூர அணுகுண்டுகள் ஏறத்தாழ 1,900. அமெரிக்கா, ரஷ்யாவுக்கு அடுத்து உலகின் மூன்றாவது பெரிய கையிருப்பு அதுதான். ஆனால் ஏவுவதற்கான ரகசியக் குறியீடுகள் மாஸ்கோவில் இருந்தன. அணுகுண்டுகளைக் கொடுக்காமல் வைத்திருந்தால் ரஷ்யாவுடன் போரே வந்திருக்காது என்று இன்று அடித்துப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குண்டுகளைப் பராமரிக்கக் கீவின் கஜானாவிலும் காசில்லை.

1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் உக்ரைனின் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. தாக்கப்பட்டால் படை அனுப்புவோம் என்று மட்டும் எவரும் எழுதித் தரவில்லை. 1996 ஜூன் முதல் தேதிக்குள் கடைசிக் குண்டும் ரஷ்யா போய்ச் சேர்ந்தது. அடுத்த சில நாட்களில் அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன் நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் பெர்வோமைஸ்க் ஏவுகுழி இருந்த இடத்தில் சூரியகாந்தி நட்டார்கள். புகைப்படத்துக்கு நல்ல காட்சிதான்!

மற்றக் குழிகளை அமெரிக்கப் பணத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஓர் ஏவுதளத்தை மட்டும் விட்டுவைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். அதிகாரிகள் காத்திருந்த நாற்காலியில் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

விமானங்களின் கதை வேறு. பிரிலுக்கி தளத்தில் இருந்த டியூ-160 குண்டுவீச்சு விமானங்களில் எட்டையும், மூன்று டியூ-95 விமானங்களையும், 575 கேஎச்-55 ஏவுகணைகளையும் எரிவாயுக் கடனுக்கு ஈடாக 1999 ஒப்பந்தப்படி ரஷ்யாவிடமே ஒப்படைத்தது உக்ரைன். கழித்த கடன் சுமார் 28.5 கோடி டாலர்.

2022இல் உக்ரைன் நகரங்கள்மீது பாய்ந்தவற்றில் கேஎச்-55 ஏவுகணைகளும் இருந்தன. அன்று தாங்கள் கொடுத்தவைதான் அவை என்கிறது உக்ரைன் ராணுவ உளவுத்துறை. அணுகுண்டு இருக்க வேண்டிய முனையில் வெறும் எடையைப் பொருத்தி, உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணைகளை அவற்றின்மேல் வீணடிக்க வைக்கும் தூண்டிலாக ரஷ்யர்கள் அனுப்பியிருந்தார்கள்.