ஹான்லேயில் துருவ ஒளி: பயணத்திற்கு முன் ஒரு கணக்கு

2024 மே 10ஆம் தேதி இரவு, லடாக்கின் ஹான்லே பகுதியில் வடக்கு அடிவானம் செந்நிறமாக ஒளிர்ந்தது. அங்கு 4,500 மீட்டர் உயரத்தில் பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வான்நோக்கு நிலையத்தின் கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. அதே ஆண்டு அக்டோபரிலும் அவ்வொளி தோன்றியது. படங்களைக் கண்ட பலருக்கும் லடாக் பயண ஆசை எழுந்தது இயல்பே. ஆனால் செலவைக் கணக்கிடுமுன், இவ்வொளி எப்போது வருகிறது என்பதை அறிவது நலம்.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கும்போது, துருவங்களை ஒட்டிய வானில் காற்றின் அணுக்கள் ஒளிர்கின்றன. நார்வேயின் திரோம்சோ நகரம் ஏறத்தாழ 70 பாகை வட அட்சரேகையில் உள்ளது. வானம் தெளிந்த குளிர்கால இரவுகளில் அங்கு இக்காட்சி அரிதன்று. ஹான்லேயோ சுமார் 33 பாகையில் உள்ளது. மிகக் கடுமையான காந்தப் புயலின்போது மட்டுமே இங்கு அது எட்டும். மே 2024 புயல் உச்ச அளவைத் தொட்டது. அதற்குமுன் அத்தகைய புயல் 2003இல்தான் வந்தது. அப்போதும் தெரிவது, 200 கிலோமீட்டருக்கு மேல் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் மங்கிய சிவப்பே. கேமரா காட்டும் அளவு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, நாட்கணக்கு. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தபின் அதன் துகள்கள் பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு அவ்வளவே. சமவெளியிலிருந்து விமானத்தில் 3,500 மீட்டர் உயர லே நகரில் இறங்குபவர், குறைந்தது இரண்டு முழு நாட்களேனும் ஓய்வெடுத்து உடலைப் பழக்க வேண்டும். பிறகு ஹான்லேக்குச் சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு ஒரு பகல் போய்விடும். செய்தியைப் பார்த்துப் புறப்படுபவர் சேருமுன் புயல் ஓய்ந்திருக்கும். ஓய்வு நாட்களைக் குறைப்பதோ உயிருக்கே ஆபத்து. நுரையீரலில் நீர் கோக்கும் மலைநோய் இளைஞரையும் விடுவதில்லை.

எனவே ‘துருவ ஒளி உறுதி’ எனும் லடாக் சுற்றுலா விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. நட்சத்திர வானத்திற்காகச் செல்லுங்கள். 2022இல் ஹான்லே இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற கிராம மக்களே தொலைநோக்கி வழியாக வானைக் காட்டுகின்றனர். அமாவாசையை ஒட்டி மூன்று இரவுகள் தங்கினால் பால்வீதியைக் கண்குளிரக் காணலாம். துருவ ஒளி வந்தால் அது போனஸ்.

பயணக் காப்பீட்டில் மலைநோய்ச் சிகிச்சையும் அவசர மீட்பும் அடங்குமா, உயர வரம்பு உண்டா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்புக்கும் வழியில் பல இடங்களில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் யு.பி.ஐ.யை நம்ப முடியாது. தங்குமிடம், வாகனம், உணவு ஆகியவற்றுக்கான பணத்தைச் சிறு நோட்டுகளும் சேர்த்து லே நகரிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

சூரியனின் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள். உச்சம் கடந்து தணியும் ஆண்டுகளிலும் பெரும் புயல்கள் வருவதுண்டு. ஆதலால் அவசரப்பட்டுக் கிரெடிட் கார்டு கடனில் கிளம்பத் தேவையில்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கினால் 60,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். அதில் ஒரு பகுதியைக் கூடுதல் நாளுக்கென ஒதுக்கிவையுங்கள். வானிலை காரணமாக லே விமானங்கள் ரத்தாவது வழக்கமே.